கொழிஞ்சாம்பாறை ஜெராக்ஸ் கடை இங்கிலீஷ் நோட்ஸ்: 27ஆம் பக்கம் மட்டும் ஜாக்கிரதை

பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் ஜெராக்ஸ் கடையில் விற்கிற 'ஜோடிச் சொற்கள்' ('நாட் ஒன்லி–பட் ஆல்சோ' மாதிரி இரண்டாகச் சேர்ந்து வருகிற இங்கிலீஷ் சொற்கள்) நோட்ஸ் 32 பக்கம், ஸ்பைரல் போட்டு 60 ரூபாய். கேரள பி.எஸ்.சி. என்ற அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்காகத் தயாரித்தது. முதல் பத்துப் பக்கத்துக்கே காசு கொடுக்கலாம்.

தமிழில் நினைத்து இங்கிலீஷில் எழுதினால் எங்கே சறுக்கும் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. 'பால் மட்டுமல்ல, தேங்காயும் விற்கிறார்' என்பதில் 'மட்டும்', 'உம்' இரண்டும் அந்தந்தப் பெயர்ச்சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். இடம் தவறவே தவறாது. இங்கிலீஷில் 'நாட் ஒன்லி' தனியாக அலைகிற சொல். 'ஹி நாட் ஒன்லி செல்ஸ் மில்க் பட் ஆல்சோ கோகனட்ஸ்' என்றால் ஒரு பக்கம் வினை, மறுபக்கம் வெறும் பெயர், தராசு சாய்ந்துவிடும். 'ஹி செல்ஸ் நாட் ஒன்லி மில்க் பட் ஆல்சோ கோகனட்ஸ்' என்பதுதான் நேர். ஜோடியின் இரண்டு சொல்லுக்கும் பின்னால் வருவதைப் பென்சிலால் கோடிட்டுப் பார்க்கச் சொல்கிறது நோட்ஸ். பெயருக்குப் பெயர், வினைக்கு வினை சேராவிட்டால் முதல் சொல்லை நகர்த்த வேண்டும். எளிய வழி, பலிக்கிற வழி.

'ரெண்டு பேரும் வரல' என்பதை 'போத் டிட் நாட் கம்' என்று எழுதினால், ஒருவர் மட்டும் வந்ததாகவும் அர்த்தம் எடுக்க இடமுண்டு. 'நெய்தர் ஆஃப் தெம் கேம்' என்று எழுதச் சொல்வதும் நல்ல இடம். 'ஆல்தோ' போட்டால் 'பட்' வேண்டாம் என்பதை ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள், போதும்.

குறை, அழுத்தத்துக்காக 'நாட் ஒன்லி'யை வாக்கியத்தின் தலையில் வைக்கும்போது துணைவினை முன்னால் வர வேண்டும் என்ற விதிக்கு அரைப் பக்கம்தான். 'நாட் ஒன்லி ஹி கேம்' தப்பு, 'நாட் ஒன்லி டிட் ஹி கம்' சரி. தேர்வில் மார்க் போகிற இடமே இதுதான். 'நெய்தர்–நார்' வந்தால் வினை பக்கத்துப் பெயரைப் பார்த்து மாறும் என்பதும் இல்லை: 'நெய்தர் தி டிரைவர் நார் தி பாசஞ்சர்ஸ் வேர்' என்று நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

27ஆம் பக்க விடையில் 'நோ சூனர்'க்கு ஜோடியாக 'வென்' என்று அச்சாகியிருக்கிறது. 'சூனர்' ஒப்பீட்டுச் சொல், அதனால் 'தென்'தான் (than) வரும். 'வென்' சேர்வது 'ஹார்ட்லி', 'ஸ்கேர்ஸ்லி'யோடு. புது அச்சில் திருத்தியிருக்கிறார்களா என்று அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.