அட்வென்சர் ரேஸுக்குப் பணம் கட்டும் முன்: ஜவ்வாது மலையில் எங்கள் அணிக்கு நடந்தது

ஜவ்வாது மலையில் ஒரு நாள் அட்வென்சர் ரேஸ் என்று போன குளிர்காலத்தில் ஒரு போஸ்டர் சுற்றியது. மலைப்பாதை ஓட்டம், சைக்கிள், கயாக் என்ற சிறு துடுப்புப் படகு, கயிற்றில் பாறை இறங்குதல், வரைபடம் பார்த்து வழி பிடித்தல் எல்லாம் சேர்த்து 60 கிலோமீட்டர். நான்கு பேர் அணிக்கு 18,000 ரூபாய். வனத்துறை அனுமதி, காப்பீடு, ஆம்புலன்ஸ், வழியில் நின்று போட்டியாளர்களைக் கவனிக்கும் பயிற்சி பெற்ற மார்ஷல்கள் எல்லாம் உண்டு என்று போட்டிருந்தார்கள். மலையில் இவற்றில் ஒன்றைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. அதே ஆட்கள் இப்போது வேறு பெயரில் வேறொரு மலைக்கு ஆள் சேர்க்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த விளையாட்டு எனக்கு மிகவும் பிடிக்கும். 1989இல் ழெரார் ஃபுசில் என்ற பிரெஞ்சுக்காரர் நியூசிலாந்தில் நடத்திய ‘ரெய்ட் கோலுவாஸ்’தான் இன்றைய வடிவத்துக்கு அடித்தளம். அணியில் ஒருவர் மட்டும் முந்தி ஓடிப் பயனில்லை; எல்லாரும் சேர்ந்து முடித்தால்தான் கணக்கு. வழக்கமாக ஜிபிஎஸ்ஸுக்கு அனுமதி இல்லை, வரைபடமும் திசைகாட்டியும்தான். போட்டியாளர் கையில் ஜிபிஎஸ் இல்லாததால், யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துவைத்திருப்பது நடத்துபவரின் வேலை. அணிகள் கட்டாயம் தொட்டுப் போக வேண்டிய இடமான செக்பாயிண்டில் ஆள் நின்று அணி எண்ணைக் குறிப்பார், பெரிய போட்டிகளில் ஒவ்வோர் அணியிடமும் இருக்குமிடத்தை நடத்துபவருக்குக் காட்டும் டிராக்கர் கொடுத்து அனுப்புவார்கள். அதற்கும் சேர்த்துத்தான் நாம் கட்டணம் கட்டுகிறோம்.

என் தம்பி, அலுவலகத் தோழி, அவர் கணவர், நான். விடியற்காலையில் போய் நின்றோம். டிஷர்ட் கொடுத்தார்கள், நம்பர் கொடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள். பையைத் திறந்து பார்க்கவே இல்லை. விசில், ஹெட்லாம்ப், முதலுதவிப் பொருள், உடல் சூடு காக்கும் ஃபாயில் போர்வை, இவை எல்லா அணியிடமும் இருக்கிறதா என்று சரிபார்க்காமல் ஓட விடுகிற அட்வென்சர் ரேஸை நான் அதுவரை பார்த்ததில்லை.

வரைபடம் என்று தந்தது போன் மேப்பின் ஸ்கிரீன்ஷாட், கறுப்பு வெள்ளையில். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் உயரக்கோடு கிடையாது, அளவுகோலும் கிடையாது. இந்திய சர்வே துறையின் 1:50,000 வரைபடத்தில் 20 மீட்டருக்கு ஓர் உயரக்கோடு இருக்கும். ஓடை எங்கே, சரிவு எங்கே என்று அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். இவர்கள் தந்த தாளை வைத்துக்கொண்டு வடக்கு எது என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

ஏரியில் லைஃப் ஜாக்கெட் இருந்தது, பாதிக்குக் கொக்கி இல்லை. நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. பாறையில் தொங்கியது ஒரே கயிறு. நாம் பிடி நழுவினால் கீழே விழாமல் காப்பதற்கு இரண்டாவது கயிறு வேண்டும், அது இல்லை. தலைக்குக் கட்டட வேலைக்குப் போடும் ஹெல்மெட். எங்கள் அணி அந்தப் பாறையில் இறங்க மறுத்து, நேரத் தண்டனையை ஏற்றுக்கொண்டு சுற்றிப் போனது.

நடுவில் ஒரு வனக்காப்பாளர் மறித்தார். காப்புக்காட்டுக்குள் இப்படி ஒரு போட்டி நடப்பதே தனக்குத் தெரியாது, அனுமதிக்கு விண்ணப்பமே வரவில்லை என்றார். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. அனுமதி என்பது வெறும் காகிதம் இல்லை. காட்டுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று வெளியே ஒருவருக்காவது தெரிந்திருக்க அதுதான் வழி.

மாலை ஐந்து மணி இருக்கும். ஓர் ஓடையைக் கடக்கும்போது தோழி வழுக்கி விழுந்தார். கணுக்கால் உடனே வீங்கிவிட்டது, காலை ஊன்ற முடியவில்லை. அவசர எண்ணுக்கு அடிக்க சிக்னல் இல்லை. அடுத்த செக்பாயிண்ட் வரை மாற்றி மாற்றித் தாங்கிக்கொண்டு போனோம். அங்கே, வந்துபோனதற்கு அடையாளமாக அட்டையில் துளையிடும் பஞ்ச் ஒன்று மரத்தில் தொங்கியது. ஆள் இல்லை. விசில் ஊதி ஊதிப் பார்த்தோம். இருட்டிவிட்டது, பனி இறங்க ஆரம்பித்தது. எங்களைத் தேடி யாராவது வருவார்கள் என்று அப்போதும் நம்பிக்கொண்டுதான் இருந்தோம்.

யாரும் வரவில்லை. விசில் சத்தம் கேட்டு டார்ச்சோடு வந்தது மலைக்கிராமத்து இளைஞர்கள். கயிற்றுக் கட்டில் கொண்டுவந்து தோழியைப் படுக்கவைத்து ஊர்வரை தூக்கிப் போனார்கள். அங்கிருந்து ஒருவர் தன் குட்டியானை வண்டியில் கீழே ஆஸ்பத்திரியில் சேர்த்தார். டீசல் காசு மட்டும்தான் வாங்கிக்கொண்டார். எலும்பு முறிவு. தோழி இன்னும் சரியாக நடக்கவில்லை.

தம்பி முடிவிடத்துக்குப் போய்ப் பார்த்தபோது பந்தல், பேனர் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் பிரித்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஏழு மணிக்கே இன்ஸ்டாகிராமில் ‘எல்லா அணிகளும் பத்திரமாகத் திரும்பின’ என்று படம் போட்டிருக்கிறார்கள். முடிவுப் பட்டியலில் எங்கள் அணிக்கு நேராக ‘விலகினர்’ என்று இருந்தது. விலகுகிறோம் என்று நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல அங்கே ஆளும் இல்லை. நான்கு பேர் காட்டுக்குள் இருக்கும்போது கணக்கை முடித்துவிட்டார்கள். எனக்கு ஆறாதது இதுதான். பணம் அப்புறம்.

2021 மே 22 அன்று சீனாவின் கான்சுவில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீரென வானிலை மாறி 21 பேர் குளிரில் இறந்தார்கள். அனுபவம் மிக்க ஓட்டக்காரர்களும் அதில் உண்டு. காற்றுத் தடுப்பு ஜாக்கெட் அந்தப் போட்டியில் கட்டாயப் பட்டியலில் இல்லை. பையைச் சோதிப்பதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். ‘ஆபத்துக்கு நீங்களே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்’ என்று பதில் வந்தது, கூடவே அடுத்த போட்டிக்குத் தள்ளுபடி கூப்பன். காப்பீட்டு பாலிசி எண் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. அந்தக் கையெழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விளையாட்டில் இயல்பாக உள்ள ஆபத்தை ஏற்கிறோம் என்பது வேறு, நடத்துபவரின் அலட்சியத்தை மன்னிக்கிறோம் என்பது வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே சேவைக் குறைபாடு என்று புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை செலுத்திய சேவைக்குப் புகார்க் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

வேறு எந்தப் போட்டிக்குப் போவதாக இருந்தாலும், பணம் கட்டும் முன்பே வன அனுமதிக் கடிதத்தின் நகலையும் பாலிசி எண்ணையும் கேளுங்கள். கட்டாயப் பொருள் பட்டியல் அனுப்பாதவர்களிடம் போகாதீர்கள். கடைசி அணி வராவிட்டால் எத்தனை மணிக்கு, யார் தேடப் போவார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். ஒழுங்காக நடத்துபவர்கள் இதற்கு உடனே பதில் சொல்வார்கள், கேட்டதற்காகச் சந்தோஷப்படவும் செய்வார்கள்.

அந்த ஜவ்வாது மலைப் போட்டியில் கலந்துகொண்ட மற்ற அணிகள் யாராவது இதைப் படித்தால், கட்டண ரசீது, போஸ்டர், அவர்கள் அனுப்பிய மெசேஜ் எதையும் அழித்துவிடாதீர்கள். பலர் சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நாங்கள் மனு தயார் செய்துகொண்டிருக்கிறோம். அந்தப் பாறையில் இறங்கிய அணிகளின் வாக்குமூலம் எங்களுக்கு அவசியம் வேண்டும்.