பொரித்த எண்ணெயில் லாரி ஓடுமா? மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

சிங்கப்பூரின் தேக்கா வட்டார உணவுக்கடைகள் வடையும் கோழியும் பொரித்து முடித்த எண்ணெயைத் தகரங்களில் சேர்த்து விற்கின்றன. டீசல் விலை ஏறும்போதெல்லாம், அதையே லாரிக்கு ஊற்றினால் என்ன என்று யாராவது கேட்பதுண்டு. கேள்வி புதிதன்று, 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது.

வடிகட்டி அப்படியே ஊற்றுவதுதான் மலிவு. ஆனால், 40 டிகிரி செல்சியசிலும் சமையல் எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு வரை கெட்டியாக இருக்கும். சிங்கப்பூரில் எண்ணெய் உறைவதில்லை என்றாலும், நன்கு சூடாக்காமல் செலுத்தினால், எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரால் அதை நுண்துளிகளாகச் சிதறடிக்க முடியாது. அரைகுறையாக எரிந்த எச்சம் இன்ஜெக்டர் முனையிலும் பிஸ்டன் வளையங்களிலும் கரியாகப் படிவதுடன், வளையங்களைத் தாண்டி இறங்கும் எண்ணெய் எஞ்சின் ஆயிலையே கூழாக்கிவிடும். தனித் தொட்டி, சூடேற்றி எல்லாம் பொருத்தலாம்தான். வாகனத்தில் செய்யும் மாற்றங்களுக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் உண்டு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பழைய ஜெனரேட்டருக்குக்கூட இவ்வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எண்ணெயை மெத்தனாலுடன் வினைபுரியச் செய்து கிளிசரினைப் பிரித்தெடுத்தால் கிடைப்பது பயோடீசல். அதன் பிசுபிசுப்பு டீசலுக்கு நெருங்கியது. பலமுறை காய்ந்த எண்ணெயில் அமிலம் மிகுந்திருப்பதால், வினையைத் தூண்டும் காரப்பொருளை நேரடியாகச் சேர்த்தால் பாதி சோப்பாகப் போய்விடும். ஆகவே முதலில் அமிலத்தைக் குறைத்து நீரை அகற்ற வேண்டும். கொல்லைப்புறத் தயாரிப்புகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். பழைய தொட்டியின் படிவுகளைப் பயோடீசல் கரைத்துக் கிளப்புவதால் முதலில் அடைபடுவது ஃபில்டர். இயற்கை ரப்பர் குழாய்களும் ஊறிப் பழுதாகும். ஈரக் காற்றிலிருந்து நீரை உறிஞ்சுவதால் நெடுநாள் சேமிப்புக்கும் ஏற்றதன்று. புகைக்கரி வடிகட்டி பொருத்திய, யூரோ 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டுத் தரத்திலான எஞ்சின்களில், அதைச் சுத்தப்படுத்தக் கூடுதலாகப் பீய்ச்சப்படும் பயோடீசல் எளிதில் ஆவியாகாமல் எஞ்சின் ஆயிலில் கலந்துவிடுகிறது.

மூன்றாவது, எண்ணெயை ஹைட்ரஜனுடன் உயர் அழுத்தத்தில் வினைபுரியச் செய்து ஆக்சிஜனை நீக்கிய புதுப்பிக்கத்தக்க டீசல். 2010 முதல் சிங்கப்பூரின் துவாசில் இயங்கும் நெஸ்டே நிறுவனத்தின் ஆலை, 2023 விரிவாக்கத்துக்குப் பின் இவ்வகைப் பொருள்களை ஆண்டுக்கு 26 லட்சம் டன் தயாரிக்கும் திறன் பெற்றுள்ளது. எரிபொருள் எவ்வளவு எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதைக் காட்டும் சீட்டேன் எண் இதற்கு 70க்கு மேல். கெடாமல் நீண்டகாலம் இருக்கும். அடர்த்தி சற்றுக் குறைவு என்பதால் லிட்டர் கணக்கில் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். இதன் குறை, அதிக விலைதான்.

யூரோ 6 லாரிக்கு மூன்றாவதே என் தேர்வு. பழைய லாரிக்கு, தயாரிப்பாளர் அனுமதித்தால், குழாய்களை மாற்றிவிட்டு, டீசலில் 20 விழுக்காடு பயோடீசல் சேர்த்த கலவை போதும். கப்பல்களும் விமானங்களும் இதே எண்ணெய்க்குப் போட்டியிடுவதால் விலை சட்டென்று இறங்காது. கட்டுப்படியாகாதவர்கள் சாதாரண டீசலிலேயே தொடரட்டும், தகரத்து எண்ணெயை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.