ஆபரேஷனுக்கு முன்னால் அம்மாவைத் தேற்றிய கே.கே.நகர் பிசியோதெரபி சென்டர்

அம்மாவுக்கு வயது 71. பெருங்குடலில் கட்டி, வெட்டி எடுக்க வேண்டும். ரத்தம், இ.சி.ஜி., எக்கோ எல்லாம் பார்த்து ஃபிட்னஸ் வாங்கியாகிவிட்டது. அப்புறமும் சர்ஜன் தேதி தரவில்லை. சி.டி. ஸ்கேனில் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் மட்டத்தில் எடுத்த படத்தைக் காட்டி, "சதை ரொம்பக் குறைவா இருக்கு, இருக்கிற சதைக்குள்ளேயும் கொழுப்பு படிஞ்சிருக்கு. ஒரு மூணு நாலு வாரம் தேத்திட்டு வாங்க" என்று இங்கே அனுப்பினார். எங்களுக்கு ஆச்சரியம். அம்மா பூசினாற்போல இருப்பார், எடை 60 கிலோ. மேலூரிலிருந்து பார்க்க வந்த சொந்தமெல்லாம் "உடம்பு நல்லாத்தான இருக்கு" என்றுதான் சொன்னது. மேலே கொழுப்பு மூடியிருந்தால் உள்ளே சதை கரைவது கண்ணுக்குத் தெரியாது.

முதல் நாள் அளவெடுப்பதோடு சரி. கைப்பிடி வலுவை அளக்கும் டைனமோமீட்டர் கருவியை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்கள்: 14 கிலோ. ஆசிய நாட்டவருக்கென்று 2019-இல் வகுத்த அளவுப்படி பெண்ணுக்கு 18-க்குக் கீழே, ஆணுக்கு 28-க்குக் கீழே போனால் வலு குறைவு. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடி ஆனாலே யோசிக்க வேண்டுமாம்; அம்மாவுக்கு 17 ஆனது. எடை தானாகக் குறைந்ததா, எப்போதும் அசதியா, நடை தளர்ந்ததா, நடமாட்டம் குறைந்ததா என்றும் கேட்டார்கள். இவற்றோடு கைப்பிடி வலுக் குறைவையும் சேர்த்து ஐந்தில் மூன்று இருந்தால் உடல் நலிவு என்பது 2001-இல் லிண்டா ஃப்ரீடும் அவர் குழுவினரும் வகுத்த கணக்கு. அம்மாவிடம் மூன்று இருந்தது.

அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் பெண் இதை எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். பெரிய ஆபரேஷன் முடிந்ததும், புண் ஆறவும் கிருமியை எதிர்க்கவும் உடம்பு தன் சதையைத்தான் கரைத்து எடுத்துக்கொள்கிறது. படுக்கையில் கிடந்தால் இன்னும் கரையும். கையிருப்பு குறைவாக இருப்பவருக்கு இருமிச் சளியைத் துப்பக்கூடத் தெம்பு இருக்காது, நிமோனியா வரும். அதனால்தான் ஒரே வயது, ஒரே ஆபரேஷன் என்றாலும் நலிந்தவர்களுக்குச் சிக்கலும் அதிகம், உயிருக்கு ஆபத்தும் அதிகம். வயதை மட்டும் வைத்து இதைக் கணிக்க முடியாது. இவ்வளவு முக்கியமான விஷயத்தை, அதற்கு முன் ஏறி இறங்கிய எந்த இடத்திலும் ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை என்பது எனக்கு இன்னும் ஆதங்கம்தான்.

பயிற்சி எளிமையானது. நாற்காலியில் எழுந்து உட்காருவது, குதிகாலைத் தூக்கி நிற்பது, ரப்பர் பட்டையை இழுப்பது, வெயில் ஏறுமுன் நடை. மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியை ஊதக் கூடாது, மெதுவாக உறிஞ்ச வேண்டும் என்று சரியாகக் கற்றுக்கொடுத்தார். அம்மா சலித்துக்கொண்டால் "இன்னும் ஒரு தடவ எந்திரிங்கம்மா" என்று கூடவே நிற்பார். "சரி தாயி" என்று அம்மாவும் எழுந்துவிடுவார்.

சாப்பாட்டுத் தாள்தான் சரியில்லை. ஓட்ஸ், பனீர், பிராக்கலி என்று யாருக்கோ அச்சடித்தது. கேட்டதும் மாற்றி எழுதித் தந்தார்கள். கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் என்று வைத்தால் அம்மாவுக்கு நாளுக்கு 72 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6, நூறு கிராம் வெந்த கொண்டைக்கடலையில் சுமார் 9. காலையில் வெறும் இட்லியும் சட்னியும் என்று இருந்தவருக்கு முட்டை, சுண்டல், தயிர், அயிரை மீன் குழம்பு என்று கூட்டினோம். கிட்னி கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இப்படிக் கூட்ட வேண்டாம்.

ஆபரேஷனுக்கு முன் மறுபடி அளந்தபோது நாற்காலிக் கணக்கு 13 விநாடிக்கு வந்திருந்தது. கைப்பிடி பெரிதாக மாறவில்லை. ஆபரேஷனுக்கு மறுநாளே பிடித்துக்கொண்டு நடந்தார், இப்போது வீட்டில் நன்றாக இருக்கிறார். பயிற்சிதான் காப்பாற்றியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இப்படி முன்கூட்டித் தேற்றினால் நடக்கும் திறன் கூடும் என்பதற்கு ஆதாரம் உண்டு, ஆயுளைக் கூட்டும் என்பது இன்னும் உறுதியாகவில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் இன்னொருவருக்கு ஆபரேஷன் என்றால் முதலில் இங்கேதான் கூட்டிப்போவேன்.

ஒரு பெரிய குறை: சென்டர் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது, படிக்கட்டில் ஒரு பக்கம் மட்டும்தான் கைப்பிடி. தளர்ந்தவர்களுக்கென்றே நடத்தும் இடத்தில் இதை முதலில் சரிசெய்ய வேண்டும். ஏற முடியாதவர்கள் முன்கூட்டியே போன் செய்தால் கீழே வந்து பார்க்கிறார்கள்.