பழுதுபார்க்கப் பழகுகிறவருக்கு எச்.எம்.டி. ஜனதா

அப்பா வேலையில் சேர்ந்த ஆண்டில் வாங்கி, ஓய்வு பெறும் நாள்வரை கட்டியிருந்த எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரம், அவர் காலமான பிறகு பீரோவின் உள்ளறையிலிருந்து என் கைக்கு வந்தது. சாவி கொடுத்தால் இறுகியது, ஆனால் ஓடவில்லை. குலுக்கினால் மட்டும் விநாடி முள் நாலைந்து துடிப்பு நகர்ந்து நின்றுவிடும். கடையில் கொடுப்பதற்குப் பதிலாக நானே திறந்து பார்ப்பது என்று முடிவு செய்து, அதற்காகவே பழைய ஜனதா இரண்டை வாங்கிப் பழகி, கடைசியில் அப்பாவின் கடிகாரத்தையும் பிரித்துப் பூட்டிவிட்டேன். எட்டு மாத அனுபவத்தை வைத்து, இந்த வேலையை வீட்டிலிருந்தே கற்க நினைப்பவருக்கு ஜனதா எவ்வளவு பொருத்தமானது என்பதைச் சொல்கிறேன்.

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, 1961-இல் பெங்களூரில் எச்.எம்.டி. தன் கடிகாரத் தொழிற்சாலையை அமைத்தது. கடிகாரப் பிரிவை மூடும் முடிவு 2016-இல் வந்தது. இடைப்பட்ட காலத்தில் இந்தியக் குடும்பங்களில் வேலை கிடைத்ததற்கும் திருமணத்திற்கும் வாங்கித் தந்த கடிகாரம் பெரும்பாலும் எச்.எம்.டி.யாகவே இருந்ததால், இன்றும் பழைய சாமான் கடைகளில் ஜனதா கிடைக்கிறது. ஓடாத ஒன்றை நான் 400 ரூபாய்க்கு வாங்கினேன். கை தவறிக் கெட்டாலும் தாங்கிக்கொள்ளக்கூடிய விலை என்பதே, பழகுகிறவருக்கு இதை நான் பரிந்துரைக்கும் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் உள்ளே இருக்கிறது. இதில் தேதி கிடையாது, தானே சாவி ஏறும் அமைப்பும் கிடையாது. உராய்வைக் குறைக்கப் பதித்த 17 சிறு கற்கள் கொண்ட, கையால் சாவி கொடுக்கும் எளிய இயந்திரம் இது. மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது விநாடிக்கு ஐந்து. காதருகே வைத்தால் தனித்தனியாகக் கேட்கும் அந்த நிதானமான ஓசை, சக்கரம் எங்கே தடுமாறுகிறது என்பதைப் புதியவருக்கும் காட்டிக்கொடுக்கும். பாகங்களும் ஓரளவு தடிமனானவை. பெண்களுக்கான சிறிய கடிகாரம் ஒன்றைத் திறந்து பார்த்தபோதுதான், ஜனதாவின் திருகுகள் எவ்வளவு பெரியவை என்பதை உணர்ந்தேன்.

பின்மூடியைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, கடிகாரத்தை ஓட்டும் சுருள்வில்லான மெயின் ஸ்பிரிங்கில் எஞ்சியிருக்கும் இறுக்கத்தைத் தளர்த்துவது. சாவியை விரல்களால் பிடித்துக்கொண்டு, பற்சக்கரத்தைத் தடுத்து நிற்கும் சிறு கொக்கியைக் குச்சியால் விலக்கி, சாவி விரலுக்குள்ளே மெல்லச் சுழன்று இறங்கவிட வேண்டும். இதைச் செய்யாமல் திருகைக் கழற்றினால், சேர்ந்திருக்கும் விசை முழுவதும் ஒரே நொடியில் பாய்ந்து சக்கரப் பற்களையும் முனைகளையும் உடைத்துவிடும். அடுத்து, இருபுறமும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தை, அதைத் தாங்கும் தகடான பாலத்தோடு சேர்த்துத் தூக்க வேண்டும். அதில் தொங்கும் ஹேர் ஸ்பிரிங் தலைமுடியை விட மெல்லியது. சாமணம் ஒருமுறை தவறாகப் பட்டாலே அதன் வட்டம் குலைந்துவிடும். என் முதல் பழகு கடிகாரத்தில் அப்படித்தான் குலைந்தது. அதை நேராக்க இரண்டு மாலைப்பொழுதுகள் உட்கார்ந்தும் முடியவில்லை.

அப்பாவின் கடிகாரத்தில் நோய் எண்ணெய்தான். மெயின் ஸ்பிரிங் இருக்கும் டப்பியைத் திறந்தபோது, பழைய கிரீஸ் காய்ந்து, அடிப்பிடித்த வெல்லப்பாகு போலக் கருத்துச் சுருளோடு ஒட்டியிருந்தது. சக்கரங்களின் முனைகளைச் சுற்றிக் கற்குழிகளில் பழுப்பு வளையம் படிந்திருந்தது. ஸ்பிரிங்கையும் சக்கரங்களையும் வெள்ளைப் பெட்ரோலில் ஊறவைத்து, கூராகச் சீவிய மரக்குச்சியால் ஒவ்வொரு கல் துளையையும் குச்சி வெள்ளையாக வெளிவரும்வரை துடைத்தேன். இங்கே ஓர் எச்சரிக்கை. சக்கரங்களின் விசையைப் பேலன்ஸுக்குக் கடத்தும் சிறு கவையான பேலட் ஃபோர்க்கில் உள்ள இரு கற்களும் பேலன்ஸில் உள்ள சிறு கல்லும் அரக்கால் ஒட்டப்பட்டவை. ஸ்பிரிட்டில் அவற்றை ஊறவிட்டால் அரக்கு கரைந்து கற்கள் கழன்றுவிடும்.

திரும்பப் பூட்டுவதில்தான் பொறுமை வேண்டும். சக்கரங்களின் மேல்முனைகள் எல்லாம் ஒரே சமயத்தில் தத்தம் துளைகளில் அமர்ந்தால்தான் பாலம் படியும். அமராமலே திருகை முறுக்கினால் முனை ஒடியும். முதல் தடவை எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்த இந்த வேலை, மூன்றாவது கடிகாரத்தில் பத்து நிமிடத்தில் முடிந்தது. பேலன்ஸைப் போடும் முன் இரண்டு சுற்றுச் சாவி கொடுத்து, பேலட் ஃபோர்க்கை லேசாகத் தொட்டுப் பார்த்தேன். டக்கென்று மறுபக்கம் தாவி நின்றது. விசை கடைசிச் சக்கரம்வரை தடையில்லாமல் வந்து சேர்கிறது என்பதற்கு அதுவே சான்று. பிறகு பேலன்ஸை இறக்கினேன். திருகை முழுதாக முறுக்குமுன்பே அது தானாக ஆடத் தொடங்கியது. அப்பா இல்லாத வீட்டில் அந்த ஓசையை மறுபடி கேட்டேன்.

கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இணையத்தில் ஒரு பெட்டியில் முப்பது நாற்பது கருவிகளாக விற்கும் மலிவுத் தொகுப்பு ஒன்றை முதலில் வாங்கி ஏமாந்தேன். திருப்புளியின் நுனி மென்மையாக இருந்ததால் வளைந்து வழுக்கி, பழகு கடிகாரத்தின் பாலத்தில் ஆழமான கீறலைப் போட்டது. பிறகு சுவிட்சர்லாந்தின் பெர்ஜியான் திருப்புளிகளில் 0.8, 1.2, 1.4 மி.மீ. ஆகிய மூன்றை மட்டும் தனித்தனியாக வாங்கினேன். இதுவரை அவையே போதுமானவையாக உள்ளன. எண்ணெயில் சிக்கனம் கூடாது. வேகமாகச் சுழலும் முனைகளுக்கு மோபியஸ் 9010, மெயின் ஸ்பிரிங்குக்கு 8200 என்று வாங்கிவிடுங்கள். ஒரு சிறு குப்பி பல ஆண்டுகளுக்கு வரும். தையல் இயந்திர எண்ணெயைத் தொடவே வேண்டாம், அது பரவி ஓடிவிடும்.

குறைகளும் உண்டு. நிறுவனம் மூடிவிட்டதால், ஜனதாவின் உதிரிபாகம் என்பது பெரும்பாலும் இன்னொரு ஜனதாவிலிருந்து எடுப்பதுதான். சட்டத்தின் குரோம் பூச்சு வியர்வையில் அரித்துப் புள்ளி புள்ளியாகிவிட்டால், வீட்டில் அதற்கு வழியில்லை. எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை, புதியது போலக் காட்டி விற்கும் ஒட்டுக் கடிகாரங்கள். ‘பழைய இருப்பு, பயன்படுத்தாதது’ என்ற விளம்பரத்தை நம்பி நான் வாங்கிய இரண்டாவது ஜனதாவின் டயல் மறுவண்ணம் பூசியது. எழுத்துகள் தடித்து, ‘17 ஜூவல்ஸ்’ என்ற வரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. ஆகவே பளபளக்கும் டயலைத் தவிர்த்து, மங்கியிருந்தாலும் எழுத்து மெலிதாக, கூர்மையாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கீறல் விழுந்த பிளாஸ்டிக் கண்ணாடியைப் பற்றிக் கவலை வேண்டாம். பாலிஷ் பசையை வைத்துக் கால் மணி நேரம் தேய்த்தால் தெளிந்துவிடும்.

கைபேசிச் செயலியின் ஒலிவாங்கியில் வைத்து அளந்தபோது, அப்பாவின் கடிகாரம் நாளுக்கு 40 விநாடி முந்தியது. பேலன்ஸ் பாலத்தில் உள்ள சிறு நெம்பை மயிரிழை அளவு நகர்த்தியதில், டயல் மேலே இருக்கும்படி வைத்தால் 8 விநாடி முந்துகிறது. சாவி கீழ்நோக்கி நின்றால் 15 விநாடி பிந்துகிறது. பழகுகிறவரின் கையில் இந்தக் கணக்கு வருவது ஜனதாவின் வடிவமைப்புக்குப் பெருமை என்றே கருதுகிறேன்.

நாலாம் எண்ணின் அருகே டயலில் பழுப்புக் கறை ஒன்று இருக்கிறது. அதைத் துடைக்கலாமா என்று பழகு கடிகாரத்தின் டயலில் ஈரப் பஞ்சால் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். இந்தி எழுத்தில் இருந்த ‘ஜனதா’ பஞ்சோடு வந்துவிட்டது. அப்பாவின் டயலில் கை வைக்கவில்லை.