சம்பா அறுத்த வயலுக்கு எந்தப் பந்து?

தை அறுவடை முடிந்ததும் காவிரி டெல்டாவில் உளுந்து, பயறு தெளிக்காமல் விட்ட வயல்களில் கோல் கம்பங்கள் முளைத்துவிடும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12 நெருங்கி, குறுவைக்கு உழவு தொடங்கும்வரை அந்த நிலம் பிள்ளைகளுடையது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று எந்தப் பக்கம் போனாலும் கோடையில் ஏதாவது ஓர் ஊரில் எழுவர் கால்பந்துத் தொடர் நடந்துகொண்டிருக்கும். விழாக் குழு கூடினால் கோப்பை, பரிசுத் தொகை, மின்விளக்கு, வெளியூர் அணிகளுக்குச் சாப்பாடு என எல்லாவற்றையும் மணிக்கணக்கில் பேசுவார்கள். பந்தைப் பற்றிய பேச்சு எழுந்து போகும் நேரத்தில் வரும். “கடையில் நல்லதாக நாலு வாங்கிவிடுங்கள்” என்பதோடு முடிந்துவிடும். எனக்கு இது பொறுக்கவில்லை. தொடர் முழுவதும் எல்லா அணியின் காலிலும் படும் ஒரே பொருள் அதுதான். அதை முதலில் பேச வேண்டும்.

கடையில் இருப்பவை பெரும்பாலும் மூன்று வகை. அச்சில் வார்த்த ரப்பர் பந்து, 32 துண்டுகளை நூலால் தைத்த பந்து, துண்டுகளை வெப்பத்தால் ஒட்டிய பந்து. கடைசி வகையில்தான் உலகக் கோப்பைப் பந்துகளின் சாயலில் வருபவை அதிகம் என்பதால் இளைஞர்களின் கண் அங்கேயே நிற்கிறது. துண்டுகள் குறையக் குறைய நல்ல பந்து என்ற நம்பிக்கையும் பரவியிருக்கிறது. அது சரியா என்று உலகக் கோப்பைகளிலேயே பார்த்துவிடலாம்.

ஜபுலானியா, பிரசூக்காவா?

கால்பந்து விதிகள் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., ஆட்டம் தொடங்கும்போது எடை 410 முதல் 450 கிராம், காற்றழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டலம் என்று வரையறுக்கின்றன. மேல்தோலில் எத்தனை துண்டுகள் இருக்க வேண்டும், அவை சேரும் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருக்க வேண்டும் என்று விதி சொல்வதில்லை. சச்சரவெல்லாம் பிறப்பது அந்த இடத்தில்தான்.

1970 மெக்சிகோ உலகக் கோப்பைக்கு வந்த டெல்ஸ்டார் பந்தில் 12 கறுப்பு ஐங்கோணங்களும் 20 வெள்ளை அறுகோணங்களும் இருந்தன. கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் தெளிவாகத் தெரிவதற்கான நிறம் அது. இன்றும் கால்பந்து வரையச் சொன்னால் குழந்தைகள் அதைத்தான் வரைகிறார்கள். 2002 வரை அந்த 32 துண்டு அமைப்பே நீடித்தது. 2006-இல் ஜெர்மனியில் 14 துண்டுகளை வெப்பத்தால் ஒட்டிய டீம்கைஸ்ட் வந்தது. 2010-இல் தென்னாப்பிரிக்காவில் எட்டே துண்டுகளுடன் ஜபுலானி வந்தது.

ஜபுலானியைப் பற்றிக் கோல்கீப்பர்கள் கொதித்துப் பேசினார்கள். ஸ்பெயினின் கசியாஸ், இத்தாலியின் புஃபோன், பிரேசிலின் ஜூலியோ செசார் ஆகியோர் தொடர் தொடங்கும் முன்பே குறை சொன்னவர்கள். முதல் சுற்றின் 16 ஆட்டங்களில் விழுந்தவை 25 கோல்கள் மட்டுமே. அடிப்பவர்களின் கணக்கும் தப்பியது, பிடிப்பவர்களின் கணக்கும் தப்பியது.

காரணம் காற்றில் இருக்கிறது. பந்தின் மேல் உரசிச் செல்லும் காற்று, மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால் சீக்கிரமே பிரிந்துபோய்ப் பின்னால் பெரிய சுழலை உண்டாக்கிப் பந்தை இழுக்கிறது. பள்ளமும் சொரசொரப்பும் இருந்தால் காற்று ஒட்டிக்கொண்டு கொஞ்சம் பின்னால் போய்ப் பிரிகிறது. இழுவை குறைகிறது. எந்தப் பந்துக்கும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் முதல் நிலை இரண்டாம் நிலையாகச் சட்டென்று மாறும். சுழலாமல் வரும் பந்து அந்த வேகத்தை ஒட்டி வந்தால், ஒரு பக்கம் தையலும் மறு பக்கம் வெறும் தோலும் காற்றில் படும்போது இரு பக்கமும் வேறுவேறு விசை பிறக்கும். பந்து நடுவழியில் திசை தடுமாறும்.

நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையச் சோதனைகளில் ஜபுலானி இப்படித் தடுமாறும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 80 முதல் 88 கி.மீ. என்று தெரிந்தது. நன்றாக உதைக்கத் தெரிந்தவரின் ஃப்ரீ கிக் பறக்கும் வேகமே அதுதான். 2014-இல் பிரேசிலுக்கு வந்த பிரசூக்காவில் அந்த வேகம் சுமார் 48 கி.மீ. ஆக இறங்கியது. பலமாக அடித்த பந்து அந்த எல்லைக்கு வெகு மேலேயே பறந்து கோலை அடைந்துவிடும்.

இங்கேதான் “துண்டு குறைந்தால் நல்லது” என்ற நம்பிக்கையும் “துண்டு குறைந்தால் கெட்டது” என்ற எதிர்நம்பிக்கையும் சேர்ந்து விழுகின்றன. பிரசூக்காவில் இருப்பவை ஆறே துண்டுகள், ஜபுலானியைவிட இரண்டு குறைவு. ஆனால் அவை வளைந்து நெளிந்து சேர்வதால் சேரும் கோடுகளின் மொத்த நீளம் மூன்று மீட்டரைத் தாண்டியது. ஜபுலானியில் அது இரண்டு மீட்டர் அளவே. பள்ளத்தின் ஆழமும் சுமார் மூன்று மடங்கு. பழைய 32 துண்டுப் பந்தில் 90 தையல் ஓரங்கள் இருக்கின்றன. சேர்த்து அளந்தால் ஏறத்தாழ நான்கு மீட்டர் வரும். எண்ண வேண்டியது துண்டுகளை அல்ல, தையலின் நீளத்தையும் ஆழத்தையும்.

2010-இல் 64 ஆட்டங்களில் 145 கோல்கள், 2014-இல் அதே 64 ஆட்டங்களில் 171. இந்த வித்தியாசம் முழுவதையும் பந்தின் தலையில் கட்டிவிட முடியாது. அணிகளின் தடுப்பாட்ட மனநிலை இருக்கிறது, ஊரின் உயரம் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரம். அங்கே காற்று மெலிது, நீண்ட பந்துகள் நினைத்ததைத் தாண்டிப் போகும். ஜபுலானியை வசப்படுத்தியவர்களும் உண்டு. உருகுவேயின் டியேகோ ஃபோர்லான் அதே பந்தில் ஐந்து கோல்கள் அடித்துத் தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்தைப் பெற்றார். டென்மார்க்குக்கு எதிராக ஜப்பானின் ஹோண்டாவும் எண்டோவும் ஒரே ஆட்டத்தில் ஃப்ரீ கிக்கில் கோல் போட்டார்கள். பழகினால் எந்தப் பந்தும் பேச்சைக் கேட்கும் என்பது உண்மை. எங்கள் ஊர்த் தொடரில் பழகுவதற்கு நேரம் எங்கே இருக்கிறது? சனிக்கிழமை காலை வந்து இறங்கி, தோற்றால் மதியமே பஸ் ஏறும் அணிகள் அவை.

அதன்பின் 2018-இன் டெல்ஸ்டார் 18 ஆறு துண்டுகளோடும், 2022-இன் அல் ரிஹ்லா 20 துண்டுகளோடும் வந்தன. அல் ரிஹ்லாவுக்குள் நொடிக்கு 500 முறை அசைவைப் பதிவுசெய்யும் உணரி நடுவில் தொங்கியது. 2026-க்கான டிரியோண்டாவில் நான்கே துண்டுகள். உணரியை ஒரு துண்டின் உட்புறத்தில் பதித்து, சமநிலை கெடாமல் இருக்க மற்ற துண்டுகளில் எடை வைத்திருக்கிறார்கள். துண்டு குறைந்தாலும் ஆழமான பள்ளங்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். ஜபுலானி கற்றுக்கொடுத்த பாடத்தை அவர்கள் மறக்கவில்லை.

நம் மண்ணில் இந்த மூன்று

கடையில் கிடைக்கும் சாயல் பந்துகளுக்கு அந்தப் பாடம் தெரியாது. மேலே அச்சடித்த நிறமும் கோலமும் உலகக் கோப்பைப் பந்தைப் போல இருக்கும். விரல் நகத்தால் தடவிப் பார்த்தால் துண்டுகள் சேரும் இடத்தில் பள்ளமே தட்டுப்படாத பந்துகள் நிறைய. அசல் ஆட்டப் பந்தின் விலை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். விலை குறையும் இடத்தில் முதலில் போவது மேற்பரப்பின் நுணுக்கம்தான். பளபளவென்று இருக்கும் அந்தப் பந்து காற்றில் பிரசூக்காவைவிட ஜபுலானிக்கே உறவாக நடந்துகொள்ளும் என்பது என் கணிப்பு.

அதைவிடப் பெரிய சிக்கல் தரை. பங்குனி, சித்திரையில் டெல்டாவின் களிமண் வெடித்துக் கிடக்கும். அறுத்த நெல்தாளின் அடிக்கட்டை குத்தீட்டிபோல நிற்கும். வரப்போரம் சீமைக் கருவேல முள். ஒட்டிய பந்தின் விளிம்பு ஓரிடத்தில் உரிந்தால் அடுத்தடுத்துப் பெயர்ந்துகொண்டே போகும். அதைத் திரும்ப ஒட்டித் தர உள்ளூரில் ஆளில்லை. நூலால் தைத்த பந்தில் தையல் விட்டால் கடைத்தெருவில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் அரை மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும். உள்ளே காற்றை அடைத்து வைக்கும் பையான பிளாடர் ஓட்டையானால் தையலைப் பிரித்து வேறு பிளாடர் வைத்துத் தைத்துவிடலாம். ஏழு ஆட்டம் தாங்க வேண்டிய பந்து இரண்டாம் ஆட்டத்திலேயே உருமாறினால், காலையில் ஆடிய அணிக்கு ஒரு பந்து, மாலையில் ஆடிய அணிக்கு வேறு பந்து என்றாகிவிடும்.

ரப்பர் பந்து இந்தத் தரைக்கு அசையாது. தண்ணீரும் குடிக்காது. விலையும் மிகக் குறைவு. ஆனால் அதை நான் தொடருக்குச் சொல்ல மாட்டேன். காய்ந்த களிமண்ணில் அது எழும்பும் உயரத்தில் பந்தைக் காலடியில் நிறுத்தவே முடிவதில்லை. ஆட்டம் முழுவதும் தலைக்கு மேலேயே நடக்கும். தலையால் முட்டினால் நெற்றி சிவந்துபோகும். சிறுவர்களை அதைத் தலையால் முட்டச் சொல்வது தவறு என்றே நினைக்கிறேன். தினசரிப் பயிற்சிக்கு, சரளைக்கல் மைதானத்துக்கு அது இருக்கட்டும்.

ஒட்டிய பந்து வெல்லும் இடமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆடினால், நூல் துளைகள் வழியே நீர் ஏறாத அந்தப் பந்துதான் எடை கூடாமல் இருக்கும். தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற நகரங்களில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் செயற்கைப் புல் தரையிலும் அது நன்றாக ஓடும், நீண்ட நாள் உழைக்கும். அங்கே நடக்கும் தொடருக்கு அதை வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. பள்ளம் ஆழமாக இருக்கிறதா என்று மட்டும் தடவிப் பார்த்து வாங்க வேண்டும்.

வயலுக்கும் கடற்கரை மணலுக்கும் என் தேர்வு, பாலியூரித்தேன் மேல்தோல் கொண்ட, கையால் தைத்த 32 துண்டுப் பந்து. ஜலந்தரிலும் மீரட்டிலும் தைக்கப்படும் நல்ல பந்துகள் நம் கடைகளுக்கே வருகின்றன. பிவிசி தோல் மலிவு, ஆனால் காலுக்குக் கடினம். மாசிப் பனியில் மின்விளக்கின் கீழ் ஆடும்போது நனைந்த பந்து கோல்கீப்பரின் கையில் வழுக்கும். தையல் பள்ளங்கள் அதிகமுள்ள பந்தில் விரல் பிடிக்க இடம் இருக்கிறது. நாகப்பட்டினம், அதிராம்பட்டினம் பக்கம் மாலையில் கடற்காற்று எழும்போது பந்து எங்கே விழும் என்பதை ஓரளவாவது கணிக்க முடிவதும் இதில்தான். காற்றுள்ள ஊரில் எடை முக்கியம். மளிகைக் கடை மின்னணுத் தராசில் நிறுத்து, 410 கிராமுக்குக் கீழே இருப்பதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

காற்று, பிறகு ஒப்புதல்

நல்ல பந்தையும் தவறாகக் காற்றடித்துக் கெடுக்கலாம். பெரும்பாலும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக் கல்போல ஆகும்வரை அடிக்கிறார்கள். காய்ந்த வயலில் அது எதிரி. விதி தரும் இடைவெளியின் கீழ்ப்பகுதி, அதாவது 0.6 முதல் 0.7 வரை, நம் கோடைத் தரைக்குப் போதும். காலை 25 டிகிரியில் 0.8 அடித்த பந்து, வெயிலில் கிடந்து 45 டிகிரிக்குச் சூடானால் 0.9-ஐத் தாண்டிவிடும். பகல் ஆட்டப் பந்துகளைத் துணிப் பந்தலின் நிழலில் வைத்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் அழுத்தமானியில் பார்க்க வேண்டும். லேடெக்ஸ் பிளாடர் உதைக்க இதமானது, ஆனால் காற்றைச் சீக்கிரம் விட்டுவிடும். பியூட்டைல் பிளாடர் காற்றைப் பிடித்து வைக்கும். நாள் முழுக்க ஆட்டம் நடக்கும் தொடருக்குப் பியூட்டைல் போதும்.

பந்து யாருடையது என்ற தகராறு முதல் உலகக் கோப்பையிலேயே இருந்தது. 1930 மான்டிவிடியோ இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவும் உருகுவேயும் தங்கள் தங்கள் பந்துக்கு நின்றதால், முதல் பாதி அர்ஜென்டினாவின் பந்தில் நடந்தது, இரண்டாம் பாதி உருகுவேயின் பந்தில். இடைவேளையில் 2–1 என முந்திய அர்ஜென்டினா, முடிவில் 4–2 எனத் தோற்றது. நடத்தும் ஊரின் அணி தான் பழகிய பந்தையே மைதானத்தில் இறக்குவது நம் தொடர்களில் இன்றும் நடக்கிறது. யாரும் அதை ஏமாற்று என்று சொல்வதில்லை. ஆனால் வந்த அணிக்கு அது பாதகம்தான்.

அதனால் அழைப்புக் கடிதத்திலேயே பந்தின் வகையையும் மாதிரியையும் அச்சிட வேண்டும். அதே மாதிரியில் நான்கு பந்துகள் வாங்கி, ஆட்டத்துக்கு முன் கால் மணி நேரம் இரு அணிகளுக்கும் ஒவ்வொன்று கொடுக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் இறங்கிய மாதிரியே இறுதி ஆட்டத்திலும் இறங்க வேண்டும். பரிசளிப்பு விழாவுக்காகப் புதிதாக ஒரு பளபளப்புப் பந்தை இறுதி ஆட்டத்தில் கொண்டுவந்து வைக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் ஆட்டம் இருந்தால் அவர்களுக்குப் பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் எண் பந்தைத் தர வேண்டாம். நான்காம் எண் பந்து இரண்டு தனியாக வாங்குங்கள்.