வேக்கூம் கேஜ்: பழைய காரின் ஐடிலிங் கோளாறுக்கு முதலில் வாங்க வேண்டிய கருவி

எனது பழைய கார்புரேட்டர் கார், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, இன்ஜின் ஐடிலிங்குக்கு (மிதிக்காமல் தானே ஓடும் நிலைக்கு) வந்ததும் குலுங்கி அணைந்துவிடும். ஸ்பார்க் பிளக் மாற்றியும், கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தும், ஐடில் ஸ்க்ரூவைத் திருகியும் பலனில்லாமல் மூன்று முறை பணிமனைக்கு அலைந்த பின்னரே, இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தை அளக்கும், முள் வைத்த சாதாரண வேக்கூம் கேஜ் ஒன்றை வாங்கினேன். கோளாறு காட்டும் மின்னணு ஸ்கேனர் செருக இடமில்லாத காருக்கு முதலில் வாங்க வேண்டியது இதுதான் என்பது, ஆறு மாதம் பயன்படுத்திய பின் என் உறுதியான கருத்து.

இன்ஜின் நன்கு சூடேறிய பிறகு, ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் த்ராட்டில் தகட்டுக்குக் கீழே, சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள குழாயில் இதன் ஹோஸைச் செருக வேண்டும். தகட்டுக்கு மேலே உள்ள துளையில் செருகினால், ஐடிலிங்கில் முள் ஏறக்குறைய பூஜ்யத்திலேயே கிடக்கும். சரியான குழாயில் செருகினால், நல்ல இன்ஜினில், கடல் மட்டத்தில், ஐடிலிங்கில் முள் 17 முதல் 21 அங்குலப் பாதரச (வெற்றிடத்தை அளக்கும் அலகு) அளவுக்குள் அசையாமல் நிற்கும். உயரம் 1000 அடி கூடும்போது சுமார் ஓர் அங்குலம் குறையும்.

என் காரில் முள் 13-இல் அசையாமல் நின்றது. ஒரு சிலிண்டரின் வால்வு எரிந்திருந்தால் முள் சீரான இடைவெளியில் விழுந்து எழும் என்பதால், ஏதோ ஒரு சிலிண்டரை மட்டும் சந்தேகிக்கத் தேவையில்லை என்று புரிந்தது. எங்காவது காற்று கசிந்து உள்ளே நுழைகிறதா என்று அறிய, காரை நிறுத்திவைத்து, இன்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, துணி சுற்றிய இடுக்கியால் ஹோஸ்களை ஒவ்வொன்றாக நெரித்துப் பார்த்தேன். பிரேக் மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டரின் ஹோஸை மேனிஃபோல்டை ஒட்டி நெரித்ததும் முள் 18-க்கு ஏறியது, குலுக்கலும் நின்றது. பூஸ்டர் பக்கத்துக் கிளிப்புக்கு அருகே, அடிப்புறத்தில், நகம் நுழையும் அளவுக்கு ரப்பர் வெடித்திருந்தது. பிரேக்கோடு தொடர்புடைய ஹோஸ் என்பதால், அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே பதறியது.

குறைகளும் உண்டு. டயலில் அச்சிட்டுள்ள வண்ணப் பட்டைகளை நம்பக் கூடாது; இக்னிஷன் டைமிங் (பிளக் தீப்பொறி விடும் நேரம்) பின்தங்கியிருந்தாலும் முள் இதேபோல் தாழ்ந்து அசையாமல் நிற்கும், ஆகவே அந்த நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டாலும் சோதிக்க வேண்டும். உடன் வரும் பிளாஸ்டிக் இணைப்பு தளர்வாக இருந்து, தானே காற்றை உள்ளே விட்டது. அதை உலோகத்தில் மாற்றிக்கொண்டேன். முள்ளின் நடுக்கத்தைத் தணிக்கும் சிறு வால்வு உள்ள மாடலையே வாங்குங்கள்; சிலிண்டர் குறைவான இன்ஜின்களில் முள் இயல்பாகவே துடிப்பதால், அந்த வால்வு இல்லாத கேஜில் அதையே கோளாறு என்று எண்ண நேரிடும்.