தீவுக்குப் போவதென்றால் எந்தத் தீவு? மட்டக்களப்பிலிருந்து ஓர் ஒப்பீடு

ஆகஸ்ட் விடுமுறை நெருங்கினால் எங்கள் வீட்டில் ஒரு பேச்சு தவறாமல் எழும்: இம்முறை ஏதாவது ஒரு தீவுக்குப் போய் வந்தால் என்ன? புளியந்தீவில் அலுவலகம், திமிலைதீவில் விமான நிலையம், சுற்றிவர வாவி என்று தீவுகளுக்கு நடுவிலேயே வாழ்கிற எங்களுக்கு இப்படி ஓர் ஆசை வருவது வெளியூராருக்கு வியப்பாக இருக்கலாம். பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிற தீவு வேறு, வேலையை மறக்கப் போகிற தீவு வேறு. நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவு, யாழ்ப்பாணத்து நெடுந்தீவு, மாலைதீவு, எங்கள் சொந்த வாவித் தீவுகள் ஆகிய நான்கையும் வெவ்வேறு ஆண்டுகளில் குடும்பத்தோடு பார்த்துவிட்டபடியால், அடுத்து எங்கே போவது என்று கேட்கிற உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் சொல்லி வருவதை இங்கே ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

தூரம், செலவு, கடலின் நிலை ஆகிய மூன்றையும் எவரும் கணக்கில் எடுப்பார்கள். நான் நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன்: அந்தத் தீவு தன்னிடம் உள்ளதைக் கொண்டு வந்தவருக்கு என்ன உண்ணக் கொடுக்கிறது? தீவில் வாழ்பவருக்குச் சந்தை அடுத்த தெருவில் இல்லை. காற்று மாறினால் வள்ளம் ஓடாது. மழை பொய்த்தால் கிணறு உவர்க்கும். ஆகவே கிடைக்கிற நாளில் கிடைத்ததை, கிடைக்காத நாளுக்காகக் காயவைத்தோ, புகையிட்டோ, உப்பிட்டோ, வற்றக் காய்ச்சியோ மாற்றி வைப்பதுதான் தீவுச் சமையலின் அடிப்படை என்று நான் கருதுகிறேன். எங்கள் கரையோரத்து விடுதி ஒன்றில் ஒருமுறை 'தீவு விருந்து' என்ற பெயரில் சுட்ட மீனோடு அன்னாசித் துண்டுகளும், தேங்காய்ச் சிரட்டையில் பழச்சாறும் பரிமாறினார்கள். சுவையில் குறையில்லை. ஆனால் அந்தத் தட்டில் இருந்த எதற்கும் எந்தத் தீவின் பட்டினியும் தெரிந்திருக்கவில்லை. அன்றிலிருந்துதான் இந்த நான்காவது அளவுகோலை விடாமல் வைத்திருக்கிறேன்.

முதலில் புறாத்தீவு. வாழைச்சேனை, வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா வழியாகச் செல்லும் ஏ15 வீதி இப்போது பாலங்களால் இணைந்துவிட்டது. துறைகளில் பாதை எனும் மிதவைப் படகுக்காகக் காத்துக் கிடந்த காலத்தை அறிந்தவர்களுக்கு, 2009இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தை ஒரே மூச்சில் கடப்பது இன்றைக்கும் ஒரு மகிழ்ச்சி. விடியற்காலையில் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் நிலாவெளியை அடையலாம். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் கடல்தான். மாடப்புறாக்கள் கூடுகட்டும் பாறைகளாலேயே இந்தப் பெயர் வந்தது. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம் இது. கடலையும் சேர்த்து 471 ஹெக்டேயர் பரப்புடையது.

இடுப்பளவு நீரில் முகத்தை அமிழ்த்தினாலே முருகைக்கற்கள் என்னும் பவளப் பாறைகளும், அவற்றினூடே திரியும் நிறநிறமான மீன்களும், அதிர்ஷ்டம் இருந்தால் துடுப்பு நுனி கறுத்த சிறு சுறாக்களும் தெரியும். நான்கு தெரிவுகளில் கடலுக்கடியை இவ்வளவு குறைந்த செலவில், இவ்வளவு எளிதாகக் காட்டுவது இது ஒன்றே. பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய பாடம் வேறில்லை. 1998இல் கடல்நீர் சூடேறி இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளில் முருகைக்கற்கள் பெருமளவு வெளிறி மடிந்தபோது, இந்தப் பகுதி பெரும்பாலும் தப்பியது. அப்படித் தப்பிய ஒன்றின்மேல் விடுமுறை நாள் கூட்டம் காலூன்றி நின்று படம் எடுப்பதைப் பார்க்கையில் எனக்கு மனம் பதைத்தது. முருகைக்கல் ஓர் உயிர். மிதித்தால் உடையும், மீண்டும் வளர ஆண்டுகள் செல்லும். போகிறவர்கள் வார நாளில் போங்கள். நீந்தத் தெரியாவிட்டால் உயிர்காப்பு அங்கியோடு மிதந்தபடி பாருங்கள். எதையும் மிதிக்காதீர்கள், ஒரு சிறு துண்டைக்கூட எடுத்து வராதீர்கள்.

உணவென்று பார்த்தால் புறாத்தீவு ஒன்றுமே தராது. தரவும் கூடாது, அது பறவைகளுக்கும் மீன்களுக்கும் விடப்பட்ட இடம். முதல்முறை போனபோது இதை அறியாமல் ஒரு பிஸ்கட் பொதியோடு இறங்கி, மத்தியானம் வரை பிள்ளைகளைப் பசியில் வைத்துவிட்டேன். அடுத்த முறை வாழையிலையில் சோற்றுப் பார்சல் கட்டிக் கொண்டுபோய், கரைக்குத் திரும்பியதும் மரநிழலில் பிரித்துச் சாப்பிட்டோம். ஆக இது பார்க்கும் தீவு. உண்ணும் தீவு அன்று.

நெடுந்தீவு இதற்கு நேர் எதிர். மட்டக்களப்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கே ஓர் இரவுப் பயணம். பிறகு வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம். இரண்டு நாட்களாவது ஒதுக்காமல் போவதில் பயனில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணி மாதங்களில் கிழக்குக் கடல் பெரும்பாலும் அமைதியாகக் கிடக்கும். அதே காலத்தில் வடக்கே சோளகக் காற்று வீசி, குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடைப்பட்ட கடலைக் கொந்தளிக்க வைக்கும். ஆகவே ஆகஸ்ட் விடுமுறைக்குப் புறாத்தீவு பொருந்துவதுபோல நெடுந்தீவு பொருந்தாது; மாசி, பங்குனியில் போனால் கடலும் இணங்கும், வெயிலும் தாங்கும். அந்தக் கடலில்தான் 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் சென்ற மக்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உல்லாசமாகப் போகிறவர்களும் அதை அறிந்து, ஒரு கணம் நினைத்துவிட்டுக் கடப்பது முறை என்று எண்ணுகிறேன்.

ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமும் 6 கிலோமீற்றர் அகலமும் கொண்ட அந்தத் தீவில் வேலிகள் முருகைக்கல்லால் ஆனவை. சுண்ணாம்புச் சாந்தின்றி வெறுமனே அடுக்கிய கற்கள் காற்றைத் தம் இடைவெளிகளால் போகவிட்டு நிற்கின்றன. ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடும் அதே கல்தான். ஐரோப்பியர் விட்டுச்சென்ற குதிரைகளின் வழிவந்தவை வெட்டவெளியில் மேய்கின்றன. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்கமரம் ஒன்று பிள்ளைகள் உள்ளே நுழையக்கூடிய பொந்தோடு நிற்கிறது. இவை எல்லாவற்றையும் ஒரு வாடகை வாகனத்தில் அரை நாளில் பார்த்துவிடலாம். நான் இரண்டு நாட்கள் என்று சொல்வது கூழுக்காக.

நாங்கள் தங்கிய வீட்டில் இரண்டாம் நாள் மாலை ஒடியற்கூழ் காய்ச்சினார்கள். பனங்கிழங்கைப் பச்சையாகவே கிழித்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அதை இடித்த மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரைத் திரும்பத் திரும்ப வடித்துவிட்டால்தான் கசப்பு நீங்கும். பெரிய பானையில் மீன்தலை, நண்டு, இறால், கணவாய், பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளி, முருங்கையிலை எல்லாம் வெந்துகொண்டிருக்க, அரைத்த செத்தல் மிளகாயும் புளிக்கரைசலும் மாவும் கடைசியில் சேர்கின்றன. பனையோலைப் பிளாவில் ஊற்றி, சுற்றியிருந்து குடிக்க வேண்டும். நெல் விளைவது அரிதான, நல்ல தண்ணீர் குறைவான ஒரு நிலத்தில், மாதக்கணக்கில் கெடாத பனையின் மாவும் அன்றைய கடலில் அகப்பட்ட எதுவும் ஒரே பானையில் சந்திக்கும் உணவு அது. வயல் நாட்டவர்களாகிய நாங்கள் சோற்றை நம்பியே வளர்ந்தவர்கள். சோறே இல்லாமல் ஓர் ஊர் இவ்வளவு நிறைவாக விருந்து வைக்கும் என்பதை அங்கேதான் கண்டேன். பனங்கட்டியும் பனாட்டும் திரும்பி வருகையில் பையை நிறைத்தன. விடுதியில் தங்குகிறவர்கள் முதல் நாளே சொல்லிவைத்தால் கூழுக்கு ஏற்பாடு செய்துகொள்ளலாம். மா ஊறவும் வடிக்கவும் நேரம் வேண்டும் என்பதால், பசி வந்தபின் கேட்பதில் பொருளில்லை.

மாலைதீவைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. கட்டுநாயக்காவிலிருந்து ஒன்றரை மணி நேர விமானப் பயணம். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு வருகையின்போதே 30 நாள் விசா. எங்கள் நால்வரின் விமானக் கட்டணம் மட்டுமே இங்கே சொல்லுகிற மற்ற மூன்று பயணங்களின் மொத்தச் செலவைத் தாண்டியது. ஏறத்தாழ 1,190 தீவுகளில் 200 அளவிலேயே மக்கள் வாழ்கிறார்கள். ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்று இருந்த ஏற்பாட்டில் உள்ளூர் வாழ்வைக் காண வழியில்லை. இப்போது மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் இருப்பதால், நடுத்தரக் குடும்பங்கள் அங்கேயே தங்குவது நல்லது. வெண்மணலையும் நீல நீரையும் பற்றி நான் எழுதத் தேவையில்லை. பாசிக்குடாவைப் பார்த்து வளர்ந்த கண்களுக்கும் அந்த நீலம் புதியது.

ஆனால் உணவில் அந்த நாடு எனக்குச் சொந்தமாகத் தெரிந்தது. எங்கள் அடுப்படியில் சம்பலுக்கு இடித்துப் போடுகிற மாசிக் கருவாடு, அங்கிருந்து வந்த பண்டம். சூரை மீனைக் கிழித்து, உப்புநீரில் அவித்து, புகையிட்டு, மரக்கட்டைபோல இறுகும்வரை வெயிலில் காயவைப்பார்கள். 14ஆம் நூற்றாண்டில் அங்கே தங்கிய பயணி இபின் பதூதா, இந்த மீன் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் ஏற்றுமதியானதைக் குறித்துவைத்திருக்கிறார். காலையில் அங்கு உண்பது 'மஸ்ஹூனி': மீனும் துருவிய தேங்காயும் வெங்காயமும் மிளகாயும் தேசிப்புளியும் கையால் பிசைந்து, மெல்லிய ரொட்டியோடு. பார்வைக்கு எங்கள் தேங்காய்ச் சம்பலேதான். ஆயினும் எங்கள் சம்பலில் மாசி வாசனைக்கு வருகிறது, அங்கே மீன் முதன்மையாகி, தேங்காய் அதற்குத் துணை போகிறது. 'கருதியா' என்னும் தெளிந்த மீன்சாற்றை மணிக்கணக்கில் வற்றக் காய்ச்சி, குழம்புபோல இறுக்கிப் போத்தலில் அடைத்தால் 'ரிஹாகுரு'. அதை ஒரு கரண்டி சோற்றோடு பிசைந்து உண்டபோது, மரக்கறி விளையாத மணல்திட்டுகளில் எத்தனையோ தலைமுறைகள் எப்படி வாழ்ந்தன என்பது விளங்கியது. மீனும் தேங்காயும் தவிர மற்றவை பெரும்பாலும் கப்பலில் வந்து இறங்குவதால், விடுதி மேசையில் கிடைக்கும் பழமும் கோழியும் விலையேறியவை; உள்ளூர்த் தேநீர்க் கடைகளில் சாப்பிட்டால் செலவும் குறையும், தீவின் உணவும் கிடைக்கும். ஒருமுறை போவதற்கு நல்ல இடம். ஆண்டுதோறும் எண்ணத்தக்கது அன்று.

வாகரைப் பக்கம் பனிச்சங்கேணிக்கு அண்மையில் கடலுக்குள் இருக்கும் சல்லித்தீவையும் சிலர் கேட்பார்கள். அழகான சிறு இடம். நிழல், குடிநீர், உணவு அனைத்தும் நாமே கொண்டுபோக வேண்டும். நீர்மட்டம் தெரிந்த உள்ளூர் மீனவர் ஒருவரின் சொல்லைக் கேளாமல் இறங்கக் கூடாது. அரை நாளுக்குப் போதும்.

இனி எங்கள் வாவி. ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்த நீர்ப்பரப்பில், புளியந்தீவே பெரும்பாலானோர் தீவென்று நினையாத தீவு. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையை நிலத்திலிருந்து பார்ப்பதும், காலை வெயிலில் தோணியிலிருந்து பார்ப்பதும் ஒன்றாகாது. கோட்டையடியில் தொடங்கி, கண்டல் காடுகளின் ஓரமாகச் சென்று, 1924இன் பழைய கல்லடிப் பாலத்தின் கீழ் நுழைந்து திரும்பி வர மூன்று மணி நேரம் போதும். 1913இல் எழுந்த வெளிச்சவீடு நிற்கும் முகத்துவாரம் வரை நீட்டினால் அரை நாள். முருகைக்கல் இல்லை, குதிரை இல்லை, நீல நீரும் இல்லை. வாவி நீர் கலங்கலானது. குளிப்பதற்கு நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கரையோரம் ஒதுங்கும் பிளாஸ்டிக் கழிவைக் கண்டு எங்கள் ஊரார் அனைவரும் கவலைப்பட வேண்டும்.

உணவில் இங்கே என் அளவுகோலே தடுமாறுகிறது. காயவைத்துக் காப்பது தீவுச் சமையலின் அடிப்படை என்று மேலே எழுதினேன். வாவிக்கு அது பொருந்தவில்லை. மாரியில் வாடைக்கடல் பொங்கி, கரைவலைகள் மடித்து வைக்கப்படும் நாட்களிலும் வாவி தோணிக்காரரை வெறுங்கையோடு அனுப்புவது குறைவு. கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் இடமாதலால் இறாலும் நண்டும் இங்கே வளர்ந்து பெருகுகின்றன. ஆகவே சேமிப்பின் கைத்திறன் வேண்டாத ஒரு சமையல் இங்கு உருவாகியிருக்கிறது: காலையில் பிடித்த இறாலைப் பிரட்டி, ஓரா மீனில் பாலாணம் என்னும் தேங்காய்ப்பால் கறி வைத்து, முருங்கையிலை போட்ட நண்டுக் கறியோடு புட்டு, கடைசியில் எருமைத் தயிர். நெடுந்தீவின் கூழ் ஒரு நிலத்தின் பொறுமையை உண்ணக் கொடுத்தது என்றால், வாவிச் சாப்பாடு அன்றைய விடியலை உண்ணக் கொடுக்கிறது. இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால், வாழ்க்கையில் ஒருமுறை கூழுக்கு நெடுந்தீவு போங்கள். ஒவ்வொரு விடுமுறைக்கும் வாவியில் இறங்குங்கள் என்பேன். நீருக்கடியைப் பார்க்கத் துடிக்கும் பிள்ளைகள் இருந்தால் மட்டும் புறாத்தீவு முந்திக்கொள்ளட்டும்.

வாவிப் பயணத்துக்கு நாள் குறிக்கிறவர்கள் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டியிருக்கும். வாவி நீருக்கடியிலிருந்து எழுவதாகச் சொல்லப்படும் பாடும் மீனின் ஓசை முழுநிலா இரவுகளில்தான் கல்லடிப் பாலத்தடியில் கேட்கும் என்பார்கள். துடுப்பை நீருக்குள் இறக்கி, அதன் மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது வழக்கம். ஆனால் நிலாக்காலத்து நண்டில் சதை இராது, இருட்டுக்கால நண்டுதான் கனக்கும் என்பது எங்கள் தோணிக்காரர்களின் உறுதியான சொல். முதல்முறை வருகிற விருந்தினரை நான் நிலவுக்கு அழைத்துப்போகிறேன். வீட்டாரோடு போவதென்றால் அமாவாசையை ஒட்டிய நாளையே தேர்ந்தெடுக்கிறோம்.